பழைய ஜீப்பை வீட்டிலேயே மீட்கலாம்: பெயிண்டுக்கு முன் பிரேக்

கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ கொட்டகையில் வருடக்கணக்கில் நின்ற ஜீப்பை வாங்கியதும் பலர் நேராகப் போவது டிங்கர் பட்டறைக்கு. வண்டி பளபளவென்று வந்துவிடும், பிரேக் மட்டும் பழையபடியே இருக்கும். மலையில் இந்த வரிசை ஆபத்து. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் இந்தக் கட்டுரையில் பிரேக்குக்குத்தான் அதிக இடம். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும், வெல்டிங் வைத்தால் கருகிவிடும். அந்த வகையிலும் பெயிண்ட் கடைசி வேலைதான்.

ஸ்பேனரைத் தொடும் முன்

ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிறம் மாற்றுவதற்கும் இன்ஜின் மாற்றுவதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னால் வைக்கும் கிராஷ் கார்டுக்கு 2017 முதலே தடை. இவற்றுக்குச் செலவழிக்கும் பணம் எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் கழற்றத்தான் உதவும்.

ஜாக்கி வைக்கும்போது

பல பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஒரு சின்ன டிரம் இருக்கும், அது பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், ஷாஃப்ட் அசையாமல் இருந்தாலும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் எதிர்ப் பக்கமும் சுழலும். வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டுவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரும் காப்பாற்றாது. மலை வீட்டு முற்றம் எதுவும் முழுச் சமமாக இருப்பதில்லை. தரையில் உள்ள எல்லாச் சக்கரங்களுக்கும் இரு பக்கமும் கட்டை கொடுங்கள். தூக்கியதும் ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக் அடுக்கக்கூடாது, திடீரென்று நொறுங்கிவிடும்.

சில பழைய மாடல்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ‘எல்’ குறி இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி பைப் போட்டு அழுத்தினால் ஸ்டட் முறிந்துவிடும்.

சேஸ்

சேறு முழுவதையும் தண்ணீர் அடித்துக் கழுவி, இரண்டு நாள் உலர விடுங்கள். பிறகு சின்னச் சுத்தியால் சேஸ் நெடுகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், தின்ற இரும்பு மொத்தென்று சத்தம் கொடுக்கும். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் ஹேங்கர்களைச் சுற்றிலும், பாடி உட்காரும் போல்ட்டுகளுக்கு அடியிலும் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். சேஸில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அவை அடைத்தால் மழை நீர் உள்ளேயே நின்று அரிக்கும். தின்ற இடத்தை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்வதை அனுபவமுள்ள வெல்டரிடம் விடுங்கள். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்ததோடு நிறுத்த வேண்டாம். அது ஈரத்தை உள்ளே விடும். மேல் பூச்சு இல்லாமல் ஒரு மாதப் பனிமூட்டத்தில் நின்றால், சிவப்புக்கு அடியிலேயே துரு கிளம்பிவிடும்.

பிரேக்

சிஜே 3பி மாடல் ஜீப் போன்ற வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே சுற்று மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்). எங்கே ஒரு இடத்தில் ஆயில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் இதில் அரைகுறை வேலை கூடாது. நான்கு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளுவது), மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லா ரப்பர் ஹோஸும், பிரேக் ஷூ இரண்டு ஆக்ஸிலுக்கும், பிரேக் ஆயில் ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இரும்புச் சாமான்களைக் கோவைப் பழைய சாமான் கடைகளில் தேடலாம். ரப்பர் சாமான்களைப் புதிதாக மட்டுமே வாங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் கழற்றுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்று மறந்தால், மறுபக்கத்தைப் பார்த்து மாட்டலாம். சில வண்டிகளில் பின் டிரம் டேப்பர் (கூம்பு வடிவ) ஆக்ஸிலில் இறுகியிருக்கும். அதற்குப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சுத்தியால் அடித்தால் பேரிங் கெடும். உள்ளே உள்ள தூசியைக் கம்ப்ரஸரால் ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடையுங்கள்.

டிரம்முக்குள் ஈரம் இருந்தால் முகர்ந்து பாருங்கள். கனமாக, கந்தக வாடையோடு இருந்தால் அது ஆக்ஸில் ஆயில், சீலை மாற்ற வேண்டும். நீர்த்து இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ காப்பாற்ற முடியாது. அந்த ஆக்ஸிலின் இரு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஓரம் இழுக்கும்.

ரப்பர் கப்புகளைப் புது பிரேக் ஆயிலில் மட்டும் நனைத்து மாட்டுங்கள். டீசலோ இன்ஜின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊதிவிடும். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். பெடலை மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போகும், காலை எடுத்ததும் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே சுழன்று சூடேறும்.

இதே கோளாறு பெடலாலும் வரும். பெடலில் சுமார் அரை அங்குலம் சும்மா நகரும் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் துளை மூடியே இருக்கும், ஆயில் திரும்பாது. ஹோஸை மாற்றியும் எல்லாச் சக்கரமும் சூடேறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஏர் எடுக்கும் முன், அதாவது பிரேக் லைனில் உள்ள காற்றை வெளியேற்றும் முன், ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பின் தகட்டில் உள்ள அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும்வரை திருப்பி, பிறகு தடையில்லாமல் சுழலும்வரை மட்டும் தளர்த்துங்கள். இதைச் செய்யாவிட்டால் பெடல் ஆழமாகப் போகும். உள்ளே காற்று என்று நினைத்து ஆயிலை வீணாக்குவீர்கள்.

ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் தொடங்குங்கள். பொதுவாகப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. வீல் சிலிண்டரில் காற்றை வெளியே விடும் நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுநுனி பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை தொடருங்கள். இடையில் மாஸ்டர் சிலிண்டர் காலியாக விடாதீர்கள், விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். மேகம் வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றுவது நல்லது. திறந்து வைத்த டப்பாவில் மிச்சமிருப்பதை அடுத்த வருடம் ஊற்ற வேண்டாம்.

சோதனை

நின்ற இடத்தில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். அதன் பின் சிறிய இறக்கம், இரண்டாம் கியரில். நிறுத்தியதும் நான்கு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே ஷூ இறுகியிருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. பட்டையின் யூ போல்ட்டுகளை 200 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்குங்கள்.

டயர் 6.00-16 அளவிலேயே இருக்கட்டும். பெரிய டயர் போட்டால் ஸ்டீயரிங் கனக்கும், இப்போது சரிசெய்த அதே டிரம்முக்குச் சுமை கூடும்.

பெயிண்டுக்கு பிப்ரவரி, மார்ச் ஏற்ற மாதங்கள். காலை பத்து மணிக்கு மேல், தகட்டில் பனி ஈரம் இல்லாதபோது தொடங்கி, மாலை மூடுபனி இறங்கும் முன் முடித்துவிடுங்கள். ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் பால்போல் வெளுத்துவிடும், திரும்பவும் எமரி போட வேண்டியிருக்கும்.