மயலின் உறையை இயக்கும் மரபணுக்கள்: தாளில் வரைந்து புரிந்துகொள்வோம்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் கொழுப்பு நிறைந்த உறைதான் மயலின். அதை எந்தெந்த மரபணுக்கள் உருவாக்கவைக்கின்றன என்று காட்டும் படத்தைப் பாடநூலில் ஒரேயடியாகப் போட்டிருப்பார்கள், அம்புக்குறிகளைப் பார்த்தாலே தலை சுற்றும். ஒவ்வொன்றாக வரைந்தால் அவ்வளவு சிக்கல் இல்லை.

படி 1: தாளின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போடுங்கள். அது ஆக்ஸான், நரம்புச் செல்லின் நீண்ட இழை. கோட்டை ஒட்டி ஒரு பெரிய வட்டம்: ஷ்வான் செல். கை, கால் நரம்புகளில் மயலினைச் சுற்றுவது இந்தச் செல்தான். நரம்புச் செல்லே சுற்றிக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

படி 2: கோட்டிலிருந்து வட்டத்துக்கு ஓர் அம்பு. பக்கத்தில் 'நியூரெகுலின்-1' என்று எழுதுங்கள். ஆக்ஸானின் மேற்பரப்பில் இருக்கும் இந்தப் புரதம்தான் 'சுற்று' என்று ஷ்வான் செல்லுக்குச் சொல்கிறது. இதன் அளவு குறைந்தால் உறையும் மெலிந்துவிடும்.

படி 3: வட்டத்துக்குள் மூன்று பெயர்கள்: சாக்ஸ்10, ஆக்ட்6, க்ராக்ஸ்20. மூன்றும் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு வேறு மரபணுக்களை முடுக்கிவிடும் புரதங்கள். சாக்ஸ்10 ஆரம்பத்திலிருந்தே செல்லில் உண்டு. ஆக்ட்6 பிறகு வந்து சேரும். இரண்டும் கைகோத்தால்தான் க்ராக்ஸ்20 விழிக்கும். அதனால் முதல் இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு அம்பு போடுங்கள்.

க்ராக்ஸ்20-க்குக் கீழே இரண்டு கோடு போட்டாலும் தகும். இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளைப் பற்றிய ஆய்வு 1994-இல் வெளியானது. அவற்றின் ஷ்வான் செல்கள் ஆக்ஸானை ஒன்றரைச் சுற்று சுற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டன!

படி 4: க்ராக்ஸ்20-இலிருந்து வெளியே போகும் அம்புகள். பி-ஜீரோ, பிஎம்பி22 போன்ற உறைப் புரதங்களின் மரபணுக்கள், கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்கள். இப்போதைக்கு இவை போதும்.

படி 5: அப்புறம் பிரேக். வட்டத்தின் ஓரத்தில் 'சி-ஜுன்' என்று எழுதுங்கள். இதுவும் டிஎன்ஏவில் ஒட்டி மரபணுக்களை முடுக்கும் ஒரு புரதம்தான். அதற்கும் க்ராக்ஸ்20-க்கும் இடையே இரு பக்கமும் தடைக்குறி (அம்பு முனைக்குப் பதில் ஒரு குறுக்குக்கோடு) போடுங்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். நரம்பு அறுபட்டால் சி-ஜுன் ஏறும். ஷ்வான் செல் மயலின் வேலையை விட்டுவிட்டு, பழுது பார்க்கும் வேலைக்கு மாறிவிடும்.

படி 6: பிஎம்பி22 பக்கத்தில் '2' என்று எழுதுங்கள். 17-ஆம் குரோமோசோம் இணையில் இந்த மரபணுவுக்கு இருக்கும் பிரதிகள் அத்தனைதான். மூன்றானால் உறை சிதைந்து, பாதமும் கையும் மெல்ல வலுவிழக்கும். சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் மிகப் பரவலான வகை இது. ஒன்றானாலோ, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த அழுத்தத்திலேயே பாதம் நாள்கணக்கில் மரத்துப்போகலாம்.