ஸ்கர்ட் ஸ்டேக்: தேடி வாங்கி, கத்தியில் கெடுப்பது

பண்ணையில் சொல்லிவைத்து வாங்கிய ஸ்கர்ட் ஸ்டேக் (மாட்டின் வயிற்றுப் பக்கத்திலிருந்து எடுக்கும் நீளமான, தட்டையான இறைச்சிப் பட்டை) வாயில் ரப்பராக இழுத்தால், முதல் பழி மாட்டின் மேல்தான் விழும். "புல் மட்டும் தின்ற மாடு, அப்படித்தான் இருக்கும்" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். தாடை வலிக்க இரண்டு மூன்று முறை மென்ற பிறகே குற்றம் என் கையில் என்று புரிந்தது.

ஸ்கர்ட்டில் வெளி, உள் என்று இரண்டு உண்டு. வெளி ஸ்கர்ட் என்பது மாட்டின் உதரவிதானத் தசை: குறுகலான, சற்றுத் தடித்த, மென்மையான பட்டை. உள் ஸ்கர்ட் வயிற்றுச் சுவரின் தசை. அகலம் கூடுதல், கடிக்கவும் கொஞ்சம் கடினம். எது என்று கேட்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. ஒரு மாட்டுக்கு வெளி ஸ்கர்ட் இரண்டே பட்டைகள். அதனால் சின்னக் குடும்பப் பண்ணைகள் அதை உறையவைத்தே விற்கும். உறைந்தது மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் போதும். காற்று நீக்கிய பொட்டலத்தில் இறைச்சி கருஞ்சிவப்பாகத் தெரிவதும், கொழுப்பு மஞ்சளாக இருப்பதும் கெட்டுப்போன அடையாளமில்லை. அந்த மஞ்சள், புல்லில் இருக்கும் பீட்டா கரோட்டின்.

லேபிளை மட்டும் நம்புவது அடுத்தது. 'புல் தின்ற மாடு' என்பதற்கு அமெரிக்க வேளாண்துறை வைத்திருந்த சந்தைத் தரவரையறை 2016 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. புல்லில் வளர்த்து, கடைசி மாதங்களில் தானியம் போட்டுக் கொழுக்கவைப்பதும் நடக்கிறது. ஆகவே "கடைசியாக என்ன தின்றது?" என்று கேளுங்கள். 'மீளுருவாக்க வேளாண்மை', அதாவது மண்ணின் வளத்தை மீட்கும் விவசாயம், இன்னும் வழுவழுப்பான சொல். ஒரு மேய்ச்சல் துண்டில் மாடுகள் எத்தனை நாள் நிற்கும், அந்த நிலத்துக்கு எத்தனை நாள் ஓய்வு என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் செய்கிறவர் பேச்சை நிறுத்தமாட்டார்!

அடுப்பில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. வெளி ஸ்கர்ட்டின் மேல் படிந்த வெள்ளைச் சவ்வை உரிக்காமல் போட்டால் துண்டு சுருண்டுகொள்ளும். ஈரத்தைத் துடைக்காமல் போட்டால் வறுபடாது, வேகும். எலுமிச்சை, வினிகர் சேர்த்து இரவு முழுக்க ஊறவைத்தால் மேல்பரப்பு குழைந்து மாவாகும். ஒன்றிரண்டு மணி நேரம் தாராளம்.

வார்ப்பிரும்புச் சட்டி புகை எழும்பும் அளவுக்குக் காய வேண்டும். பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம். புல் மேய்ந்த மாட்டில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். கடிகாரத்தைவிட வெப்பமானியை நம்பலாம். உள்ளே 54 முதல் 57 டிகிரி செல்சியஸில் சாறு நிற்கும் என்பது பல சமையல்காரர்களின் கணக்கு. 63 டிகிரி தொட்டு, மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்துறையின் பாதுகாப்பு அளவு. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் பின்னதையே பிடித்துக்கொள்ளட்டும். 63-ஐத் தாண்டி வெகுதூரம் போனால் யாருக்கும் லாபமில்லை.

இனி கத்தி. இந்தத் துண்டில் தசை இழைகள் பட்டையின் நீளவாக்கில் ஓடுவதில்லை, அகலவாக்கில் ஓடும். ரொட்டியை அறுப்பதுபோல ஓரத்திலிருந்து வரிசையாக அறுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு துண்டிலும் நீள நீளமான நார்தான் மிஞ்சும். நான் செய்தது அதுதான். பட்டையை முதலில் ஏழெட்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கால் வட்டம் திருப்பி, இழைக்குக் குறுக்கே, விரல் பருமனைவிட மெல்லியதாக அரியுங்கள். நார் நறுங்கிவிடும், மெல்லும் வேலை பாதியாகும்.

வறுபட்டுக் கருகிய மேல்பரப்பில் இழையின் போக்கு கண்ணுக்குத் தெரியாது. பச்சையாக இருக்கும்போதே பார்த்து, அந்தத் திசையில் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டுவையுங்கள்.