அப்பத்தாவின் வயலைக் கேட்டுப் பதிவு செய்வது எப்படி?

சிங்கப்பூரில் இன்று எண்பதைத் தாண்டிய தமிழ்ப் பெரியவர்களில் பலர் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். "அந்தக் காலத்துல எப்படி இருந்தீங்க?" என்று பொதுவாகக் கேட்டால், "என்னமோ கஷ்டப்பட்டோம், கஞ்சி குடிச்சோம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். வாழ்க்கையைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். "நெல்லை எதுல கொட்டி வைப்பீங்க அப்பத்தா?" என்றால் குதிர் வரும். அதன் அடியில் நெல் எடுக்கும் துளை, அதைத் துணி வைத்து அடைத்த விதம், யார் கையால் அது திறக்கப்படும் என்பதெல்லாம் தானாக வரும். விதை நெல்லைத் தனியாகக் கேளுங்கள். வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டி, மேலே சாணி மெழுகிய கோட்டையில் அது இருந்திருக்கும். பஞ்சத்திலும் அதைத் தொடாத வீடுகள் உண்டு.

பாட்டியிடம்தான் முதலில் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல குடும்பங்களில் ஆண்கள் இங்கே துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்துப் பணம் அனுப்பினார்கள். நாற்று நட்டதும் களையெடுத்ததும் ஆளுக்குக் கூலி அளந்ததும் ஊரிலிருந்த பெண்கள். தாத்தா தன் சிங்கப்பூரைச் சொல்வார், பாட்டிதான் வயலைச் சொல்வார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் இங்கிருந்து பணம் போகவில்லை. அந்த ஆண்டுகளில் நிலத்தை ஒத்தி (அடமானம்) வைத்தார்களா, மாட்டை விற்றார்களா, மீட்டார்களா என்று தவறாமல் கேளுங்கள். அவர்களுக்கு அப்போது நினைவில்லாத வயதாக இருந்தாலும், அவர்களுடைய அம்மா சொன்னதாக ஏதேனும் வரும்.

கருவிக்குக் கைப்பேசியே போதும். அழைப்பு வராதபடி பறப்பு நிலையில் (flight mode) போட்டு, பேசுபவரிடமிருந்து ஒன்றரை முழத் தூரத்தில் மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேசையில் நேராக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். கூரை விசிறியை நிறுத்துங்கள்; வெக்கையைத் தாங்க முடியாதென்றால் காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பதிவு செய்வதை முன்கூட்டியே சொல்லி, யாரிடம் காட்டலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது அளவுகளில்தான். ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு அளவைக் குறிக்கும். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா. அந்தக் குழி 144 சதுர அடி. ஆக ஒரு மா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, 20 மா ஒரு வேலி. செங்கல்பட்டுப் பக்கம் 100 குழி ஒரு காணி. அங்கே குழி 576 சதுர அடி, காணி 1.32 ஏக்கர். "நூறு குழி நிலம்" என்று மட்டும் எழுதி வைத்தால் நான்கு மடங்கு பிசகும். ஊர், வட்டம், மாவட்டம் மூன்றையும் முதல் நாளே எழுதுங்கள்.

தானிய அளவும் அப்படித்தான். 12 மரக்கால் ஒரு கலம் என்பது பொது வாய்பாடு. ஆனால் மரக்காலுக்கு எத்தனை படி என்பது பெரிய படியா சின்னப் படியா என்பதைப் பொறுத்தது. பட்டணம் படி சுமார் 1.7 லிட்டர். தஞ்சைக் கலம் நெல் ஏறக்குறைய 29 கிலோ, இரண்டு கலம் ஒரு மூட்டை. குழப்பம் தீரவில்லை என்றால், "ஒரு படி அரிசி வடிச்சா எத்தனை பேர் சாப்பிடுவீங்க?" என்று கேட்டு, அவரையே அரிசியை அள்ளிக் காட்டச் சொல்லி, அதை அடுப்படியில் உள்ள லிட்டர் குவளையில் அளந்துவிடுங்கள்.

வருடக் கணக்கை நேராகக் கேட்டால் வராது. நிகழ்ச்சியோடு கோத்துக் கேளுங்கள்: நயா பைசா வந்த 1957, தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964, ஐ.ஆர்.8 நெல் வெளியான 1966. காவிரிப் பாசன ஊர் என்றால் குறுவையா, சம்பாவா, தாளடியா என்று பருவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். மாதம் தானாகத் தெரியும். கிணற்றுப் பாசன ஊர் என்றால் ஏற்றமா கவலையா என்று கேளுங்கள். ஏற்றத்தில் ஆள் மேலே ஏறி மிதித்துத் தண்ணீர் இறைப்பார். கவலையில் இரட்டை மாடு கயிற்றை இழுத்துத் தோல் பறியை மேலே கொண்டுவரும். இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுபவர்கள் நிறையப் பேர்.

சொந்த நிலமா, குத்தகையா, வாரமா (விளைச்சலைப் பங்கு போடும் சாகுபடி), பண்ணையாளாக இருந்தார்களா என்ற கேள்வியை விருந்தாளி முன் கேட்கக் கூடாது. இதில் சாதியும் கடனும் அவமானமும் கலந்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது அமர்வில், தனியாக இருக்கும்போது, "அறுப்புக்குப் பிறகு களத்துல யார் யாருக்கு நெல் அளந்தாங்க?" என்று தொடங்குங்கள். தச்சர், வண்ணார், நாவிதர், காவல்காரர் என்று ஊரே அந்தக் களத்தில் வந்து நிற்கும்.

பேச்சு வறண்டால் கையில் ஒரு முறத்தைக் கொடுங்கள். அரிசியும் கொஞ்சம் தவிடும் கலந்து போட்டுப் புடைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு ஒரு முறை மேலே தூக்கி, விழும்போது முன்பக்கம் தாழ்கிறது. தவிடு விளிம்புக்கு ஓடுகிறது. அந்த அசைவைச் சொற்களால் எழுதுவது கடினம். அதனால் கைகள் மட்டும் தெரியும்படி காணொளி எடுங்கள்.

எழுத்தில் இறக்குவதை அந்த வாரமே செய்யுங்கள். "நாத்து", "வெதை", "போரு" என்று அவர் சொன்னபடியே எழுதுங்கள், ஏட்டுத் தமிழாகத் திருத்த வேண்டாம். புரியாத சொல்லுக்கு அருகே கேள்விக்குறி போட்டு, ஊரில் இருக்கும் உறவினருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிக் கேளுங்கள். கோப்பின் பெயரில் தேதி, பேசியவர், ஊர் மூன்றும் இருக்கட்டும். இரண்டு இடங்களில் சேமியுங்கள். கேள்வி கேட்கும் முறை பிடிபடவில்லை என்றால், தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் உள்ள தமிழ் நேர்காணல்களில் ஒன்றை இணையத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேட்டி எடுப்பவர் எங்கே குறுக்கிடாமல் காத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.