படத்தில் ஆறு, பார்சலில் நாலு: மல்டிபேக் லிஸ்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"படத்துல ஆறு துண்டு இருக்கு, வந்தது நாலுதான். ஏமாத்திட்டாங்க."

ஈரோட்டிலிருந்து ஈரிழைத் துண்டு விற்கும் ஒருவரின் லிஸ்டிங்குக்கு, அதாவது ஆன்லைன் கடையில் பொருளை விற்பனைக்குப் போடும் பக்கத்துக்குக் கீழே வந்த விமர்சனம் இது. ஒற்றை ஸ்டார். அவர் யாரையும் ஏமாற்றும் ஆள் இல்லை. நாலு துண்டு சேர்ந்த மல்டிபேக் அது, தலைப்பின் கடைசியில் 'பேக் ஆஃப் 4' என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் துண்டு ஆறு நிறங்களில் கிடைக்கிறது என்பதற்காக முதல் படத்தில் ஆறையும் விசிறி போல விரித்து வைத்திருந்தோம். அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். பார்க்க அழகாக இருந்தது. வாங்கியவர் படத்தை எண்ணினார், தலைப்பைப் படிக்கவில்லை. அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

ரிட்டர்ன் வந்தால் போக வர கூரியர் செலவு, பிரித்த பாக்கெட்டை மறுபடி மடித்துக் கட்டும் கூலி எல்லாம் விற்பவர் தலையில்தான் விழும். சின்ன வியாபாரிக்கு ஒரு பார்சலில் நிற்கும் லாபமே சொற்பம். அதனால் பொருளைப் படம் எடுத்துக் கொடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, 'வாங்குகிறவர் கைக்கு மொத்தம் எத்தனை போகும்?' என்பதுதான். படம், தலைப்பு, உள்ளே நிரப்பும் விவரங்கள் மூன்றும் அந்த ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

படம்தான் முதலில் பேசும்

அமேசானில் முதல் படத்துக்குக் கறாரான விதிகள் உண்டு. பின்னணி சுத்த வெள்ளை. படத்தின் பரப்பில் 85 சதவீதமாவது பொருள் நிறைந்திருக்க வேண்டும். படத்தின் மேல் எழுத்து, முத்திரை எதுவும் கூடாது. பார்சலில் வராத எதையும் காட்டக் கூடாது. ஆகவே, '4 பீஸ்' என்று மூலையில் ஒட்டித் தப்பிக்க முடியாது. எண்ணிக்கையைப் பொருளே சொல்ல வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, ஒற்றைப் பீஸுக்கு எடுத்த படத்தையே நாலு பீஸ் பேக்குக்கும் போடுவது. நாலு சோப்பின் விலைக்குப் பக்கத்தில் ஒரு சோப்பு நிற்கும். பார்ப்பவர் 'இவ்வளவு விலையா' என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார். இந்த நஷ்டம் ரிட்டர்ன் கணக்கில்கூட வராது, அதனால் பலருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரிவதில்லை.

அடுத்தது, எல்லாம் படத்தில் இருந்தும் எண்ண முடியாமல் போவது. நாலு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக அடுக்கி நேரே எடுத்தால், மொபைலில் அது ஒரு தடித்த துண்டாகத்தான் தெரியும். துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்து, மடிப்பு முனை கேமராவைப் பார்க்கும்படி வைத்து, ஒவ்வொன்றையும் முந்தையதிலிருந்து நாலு விரல் அளவு தள்ளிப் படிக்கட்டு போல இறக்குங்கள். ஒவ்வொரு துண்டின் கரையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரே நிறமாக இருந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்தால் போதும், இடையில் விழும் நிழல் கோடே துண்டுகளைப் பிரித்துக் காட்டும். எடுத்த பிறகு படத்தை மொபைலில் தேடல் பட்டியல் அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எண்ண முடிகிறதா? முடியாவிட்டால் மறுபடி அடுக்குங்கள்.

நாலைந்து பொருள் வரை கண் தானாகவே எண்ணிவிடும். அதற்கு மேல் போனால் குவியலாகத் தெரியும். பன்னிரண்டு பீஸ் என்றால் நாலு நாலாக மூன்று வரிசை வையுங்கள், முட்டைத் தட்டைப் பார்ப்பது போல வாங்குகிறவர் வரிசையைப் பெருக்கிக்கொள்வார். ஐம்பது, நூறு என்று போனால் எண்ணிக்கை அச்சிட்ட பெட்டியின் முன்பக்கத்தையே பெரிதாகக் காட்டுவது மேல்.

ஒரு பீஸை மட்டும் எடுத்து மென்பொருளில் நாலாக நகலெடுப்பவர்களும் உண்டு. பெட்டிக்குள் வரும் சோப்புக்கு அது பரவாயில்லை. துணிக்கு வேண்டாம். நாலிலும் ஒரே இடத்தில் ஒரே சுருக்கம் இருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்.

எண்ணிக்கையையும் அளவையும் படத்திலேயே தெளிவாக்கும் முறையைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வடிவமைப்பு மையமும் யூனிலீவரும் சேர்ந்து உருவாக்கின. பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பும் பின்னர் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. எந்த பிராண்ட், என்ன பொருள், எந்த வகை, எவ்வளவு என்ற நாலு கேள்விக்கும் சின்னப் படத்திலேயே பதில் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். அளவு, எண்ணிக்கைக்கு ஒரு மூலையில் பட்டை வைப்பதும் அதில் உண்டு. எழுத்து கூடாது என்று சொல்லும் தளத்தில் இந்தப் பட்டையை இரண்டாம் படத்துக்குத் தள்ளிவிடுங்கள். உங்கள் சொந்த இணையதளத்தில் முதல் படத்திலேயே தாராளமாக வைக்கலாம்.

ஈரோட்டு லிஸ்டிங்கை இப்படித்தான் மாற்றினோம். முதல் படத்தில் நாலு துண்டு மட்டும், பார்சலில் போகும் அதே நாலு நிறங்கள். மற்ற நிறங்கள் தனித் தனி லிஸ்டிங்குக்குப் போய்விட்டன. 'நிறம் மாறலாம்' என்று விவரத்தின் அடியில் எழுதுவது விற்பவருக்கு வசதி. ஆனால் நீலம் கேட்டவருக்கு மெரூன் போனால் அந்த வரி காப்பாற்றாது.

தலைப்பில் எங்கே சறுக்குகிறோம்

தலைப்புகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஏற்றுகிறோம், இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். 'கோவில்பட்டி கடலை மிட்டாய் 400 கிராம் பேக் ஆஃப் 2'. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள், தரத்தில் குறையில்லை. ஆனால் மொத்தம் எவ்வளவு? இரண்டு பாக்கெட்டும் சேர்ந்து 400 கிராமா, ஒவ்வொன்றும் 400 ஆக மொத்தம் 800 கிராமா? விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவர் தனக்கு லாபமான பக்கமாகத்தான் புரிந்துகொள்வார். '200 கிராம் x 2 பாக்கெட், மொத்தம் 400 கிராம்' என்று எழுதிவிட்டால் வாதமே இல்லை.

சாக்ஸில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். 'பேக் ஆஃப் 6' என்றால் ஆறு ஜோடியா, ஆறு ஒற்றையா? ஆறு ஒற்றை என்றால் '3 ஜோடி' என்றே எழுதுங்கள். டம்ளரில் 'செட் ஆஃப் 6, பேக் ஆஃப் 2' என்று பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு டம்ளர் என்று கணக்குப் போட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. '12 டம்ளர்' என்றால் முடிந்தது.

எண்ணிக்கை எங்கே வருகிறது என்பதும் முக்கியம். மொபைல் தேடலில் தலைப்பு பாதியில் அறுந்துவிடும். 'மென்மையான, அதிகம் உறிஞ்சும், ஆண் பெண் இருவருக்கும்' எல்லாம் முன்னால் வந்து, எண்ணிக்கை வாலில் தொங்கினால் அது வெட்டுப்படும் பகுதிக்குள் போய்விடும். பிராண்ட், பொருள், எண்ணிக்கை என்ற வரிசையை முதலில் முடித்துவிட்டு வர்ணனைக்குப் போங்கள்.

'காம்போ' என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 2011-இன் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் பல பீஸ் சேர்ந்த பேக்கை மூன்றாகப் பிரிக்கின்றன. ஒரே அளவுள்ள ஒரே பொருள் பல இருந்தால் ஒரு வகை, 100 கிராம் சோப்பு ஐந்து போல. ஒத்த பொருள்தான், அளவு மட்டும் வேறு என்றால் இன்னொரு வகை. சோப்பும் சீப்பும் போல வெவ்வேறு பொருள்கள் சேர்ந்தால் மூன்றாம் வகை. மக்கள் காம்போ என்று நினைப்பது இந்த மூன்றாவதைத்தான். ஐந்து சோப்பைக் காம்போ என்று போட்டால் கூட வேறு என்னவோ வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நிகர அளவு, எம்ஆர்பி போன்ற விவரங்களை ஆன்லைன் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. எனவே பேக்கின் மொத்த அளவை எழுதுவது வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல, சட்டப்படியும் தேவை.

பார்வைக்கு வராத கட்டங்கள்

100 கிராம் சோப்பு நாலு, விலை 160 ரூபாய். லிஸ்டிங் ஏற்றும்போது அளவுக் கட்டத்தில் பழைய ஒற்றைச் சோப்பின் 100 அப்படியே கிடந்தால், தளம் '100 கிராமுக்கு 160 ரூபாய்' என்று காட்டும். உண்மையில் 40 ரூபாய்தான். பக்கத்துக் கடைக்காரர் 45 ரூபாய்க்கு விற்று உங்களைவிட மலிவாகத் தெரிவார். தலைப்பை நாலு முறை சரிபார்க்கும் நாம் இந்தக் கட்டத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

1, 2, 4 என்று ஒரே பக்கத்தில் தேர்வு கொடுத்தால், ஒவ்வொரு தேர்வுக்கும் தனிப் படம் ஏற்றுங்கள். 4-ஐத் தொட்டதும் விலை மாறி, படம் மாறாவிட்டால் மறுபடி அதே குழப்பம்தான்.

பார்கோடும் அப்படியே. பேக்கின் எண்ணிக்கை மாறினால் புதிய எண் வாங்க வேண்டும் என்பது ஜிஎஸ்1 விதி. ஒற்றைப் பீஸின் கோடு வெளியே தெரியும்படி நாலைக் கட்டி விற்பனைத் தளத்தின் கிடங்குக்கு அனுப்பினால், அங்கே ஸ்கேன் செய்பவர் ஒன்றாக நினைத்துப் பிரித்துவிடலாம். உள்ளே இருக்கும் கோடுகளை மறைத்து, ஒளிபுகும் பையில் போட்டு, 'இது செட், பிரிக்க வேண்டாம்' என்ற ஸ்டிக்கரையும் பேக்குக்கான கோட்டையும் வெளியே ஒட்டுங்கள்.

நாலு பீஸை மூன்றாகக் குறைக்க நினைத்தால் பழைய லிஸ்டிங்கைத் திருத்தாதீர்கள், புதிதாகத் தொடங்குங்கள். பழைய பக்கத்தின் விமர்சனங்களிலும் வாடிக்கையாளர் போட்ட படங்களிலும் நாலு பீஸ்தான் இருக்கும். அதைப் பார்த்து ஆர்டர் போடுகிறவருக்கு மூன்று போனால், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அவர் ரிட்டர்ன் பொத்தானைத்தான் தேடுவார்.