குதிக்காலைக் கொளுவித் திருகுமுன்: பொடியள் விடும் பிழைகள்

எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேரம் கரம் விளையாடிக்கொண்டிருந்த பொடியள், இப்போது படங்கை விரித்துப் பழைய மெத்தையைப் போட்டு, யூ.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைப் போட்டிகளில் பார்த்த மூட்டுப் பூட்டுகளை ஒருவர் மேல் ஒருவர் போட்டுப் பார்க்கிறார்கள். சரி, விளையாடட்டும். ஹீல் ஹூக்கைக் கண்டால் மட்டும் எனக்கு வயிற்றைக் கலக்கும். எதிராளியின் காலைத் தன் இரண்டு கால்களுக்குள்ளும் இறுக்கி, அவனுடைய குதிக்காலை முழங்கை மடிப்பில் கொளுவித் திருகுவதுதான் அது.

“நோகட்டும், பிறகு தட்டுவம்” என்று காத்திருப்பதுதான் பெரிய பிழை. தட்டுவதென்றால், தோல்வியை ஒப்புக்கொண்டு விடச் சொல்வது. கையை நீட்டிப் போடும் ஆர்ம்பாரில், மூட்டு முழுக்க நீளும்போதே நோ தொடங்கிவிடும். தட்ட ஓரளவு நேரம் கிடைக்கும். ஹீல் ஹூக்கில் திருகுப்படுவது பாதம், அறுவது முழங்காலின் நார். முழங்கால் கதவுப் பிணைச்சல் மாதிரி. மடியும், நிமிரும், சுழல அதில் இடம் மிகக் குறைவு. பெரிய நோ வரும்போது, முழங்காலின் உள்ளே இருக்கும் முக்கிய நாரான ஏ.சி.எல். ஏற்கெனவே போயிருக்கலாம். “இன்னும் நோகேல்லையே” என்று சிரித்துக்கொண்டிருந்த ஒருவனின் முழங்காலில் ‘டக்’ என்ற சத்தம், சுவரோரம் நின்ற எனக்கே கேட்டது. குதி பிடிபட்டால் உடனே தட்டுங்கள். பதறிப்போய்ப் பிழையான பக்கம் உருண்டால், மிச்சத் திருகலை உங்கள் உடம்புப் பாரமே செய்து முடித்துவிடும்.

அப்புறம் இந்த ரோசம். 1951இல் பிரேசிலில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுரா கையை முறித்த பிறகும், பிரேசிலிய ஜியு-ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டிப் பூட்டுப் போடும் கலை) ஆசான் ஹீலியோ கிரேசி தட்டவில்லை. அவருடைய பக்கத்து ஆட்கள்தான் போட்டியை நிறுத்தினார்கள். பொடியள் இதை வீரக்கதையாகச் சொல்கிறார்கள். நாளைக்கு மோட்டார் சைக்கிள் ஓடி வேலைக்குப் போகவேண்டியவனுக்கு இந்தக் கதை எதற்கு?

பிடித்தவன் விடாமல் இருப்பதை நான் பிழை என்றுகூடச் சொல்லமாட்டேன், அது அநியாயம். பிரேசில் சண்டை வீரர் ஹூசிமார் பல்ஹாரெஸ் 2013இல் எதிராளி தட்டிய பிறகும் ஹீல் ஹூக்கை விடாமல் பிடித்ததற்காக யூ.எஃப்.சி.யிலிருந்து நீக்கப்பட்டார். 2015இல் வேறு போட்டியில் கிமுராப் பூட்டை (கையை மடக்கித் தோளைத் திருகுவது) விடாமல் பிடித்துப் பட்டத்தையும் இழந்தார்.

இந்தப் பூட்டைத் தடை செய்வதா, பழக்குவதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஜூடோ போட்டியில் முழங்கையைத் தவிர வேறு மூட்டைப் பூட்டக் கூடாது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் பெரிய சம்மேளனம் 2021இலிருந்து, ‘ஜி’ என்ற தடித்த பயிற்சி உடை இல்லாத போட்டிகளில், வளர்ந்தோர் பிரிவின் பிரவுண், கறுப்புப் பட்டிக்காரருக்கு மட்டும் ஹீல் ஹூக்கை அனுமதிக்கிறது. ஒளித்து வைத்தால் தப்பும் வழியும் தெரியாமல் போகும் என்ற வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் ‘அனுமதிச்சிட்டாங்கள்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மெத்தைக்கு வருபவர்கள், அந்தப் பட்டிக்குப் பின்னால் உள்ள வருடங்களை எண்ணுவதில்லை.

முழங்கால் வீங்கினால் அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். “எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்டுமில்லை” என்று அடுத்த கிழமை மெத்தைக்கு வரவும் வேண்டாம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். நார் அறுந்ததா என்று எலும்பு வைத்திய நிபுணர் காலைப் பிடித்துப் பார்க்கவேண்டும்; தேவையென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.