உலைக்குள் ஹைட்ரஜனை மோப்பம் பிடிக்கும் ஃபைபர்: ஆய்வகத்தில் செய்து பார்ப்பது எப்படி

திட ஆக்சைடு எரிபொருள் கலம், அதாவது ஹைட்ரஜன் போன்ற எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் கருவி, ஓடுவது 700, 800 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் சாதாரண மின்னணு சென்சார் தாக்குப்பிடிக்காது, சிலிக்கா கண்ணாடி இழை தாக்குப்பிடிக்கும். கஷ்டம் வாயுவைக் கண்டுபிடிப்பதில் இல்லை, சூட்டால் வந்த மாற்றத்தையும் வாயுவால் வந்த மாற்றத்தையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

முதலில் இழை. இரண்டு மல்டிமோடு ஃபைபர்களுக்கு (அகன்ற கோர் உள்ள ஒளியிழை) நடுவே, கோர் (ஒளி ஓடும் நடுப்பகுதி) தனியாக இல்லாத 125 மைக்ரான் சிலிக்கா இழையை 5 செ.மீ. அளவுக்கு ஸ்பிளைஸ் செய்யுங்கள், அதாவது உருக்கி ஒட்டுங்கள். இதற்குப் பதிலாகச் சாதாரண ஃபைபரின் கிளாடிங்கை (கோரைச் சுற்றிய கண்ணாடி உறை) ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்கலாம் என்று பலரும் சொல்வார்கள், ஆனால் அது எலும்பு வரை இறங்கும் விஷம்; வேண்டாம். உலைக்குள் போகும் நீளம் முழுக்க அக்ரிலேட் (பிளாஸ்டிக்) பூச்சை உரித்துவிடுங்கள். விட்டுவிட்டால் கருகி, கரியாக இழையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் பூச்சு. டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு, எத்தனால், அசிட்டிக் அமிலம் சேர்ந்த கரைசலில் கொஞ்சம் குளோரோஆரிக் அமிலம் (தங்கம் வருவது இதிலிருந்துதான்) கலந்து, இழையை முக்கி, மெதுவாக ஒரே சீராகத் தூக்குங்கள். இதில் உருவாகும் டைட்டானியாவின் (டைட்டானியம் டைஆக்சைடு) ஒளிவிலகல் எண் சிலிக்காவைவிட ரொம்ப அதிகம் என்பதால், படலம் தடித்தால் ஒளி வெளியே கசிந்து சிக்னல் செத்துவிடும், போதாததற்கு வெடிப்பும் விழும். 100 நானோமீட்டருக்குள் நிறுத்தினால் போதும். நீங்கள் அளக்கப்போகும் வெப்பநிலையைவிட 50 டிகிரி கூடவே வைத்துச் சுடுங்கள், இல்லாவிட்டால் அளக்கும்போதே தங்கத் துகள்கள் வளர்ந்து அளவு நகர்ந்துகொண்டே இருக்கும்.

பூசிய பகுதி டியூப் ஃபர்னஸின் (குழாய் வடிவ உலை) நடுவே, சூடு சீராக இருக்கும் இடத்தில் வர வேண்டும். நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றினால் போதும். சூடு பட்ட வெற்று இழை அப்பளம் மாதிரி நொறுங்கும். என் முதல் இரண்டு இழைகளும் உடைந்தது உலைக்குள் அல்ல, வெளியே எடுத்து விரல் பட்டபோது!

வாயுவுக்கு, நைட்ரஜனில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த சிலிண்டர் வாங்குங்கள். காற்றிலிருந்து அதற்கு மாறும்போது நடுவே சுத்த நைட்ரஜன் ஓட வேண்டும், வெளியேறும் குழாயை ஃபியூம் ஹூடுக்குள் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரி) விடுங்கள்.

அளக்கும்போது பலர் மறப்பது, உலையே ஒளிரும் என்பதை. இழையின் ஒரு முனையில் ஒளி விடும் விளக்கை அணைத்து, உலை சூடாக இருக்கும்போதே மறுமுனையில் ஒரு ஸ்பெக்ட்ரம் (எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி என்ற பதிவு) எடுத்து, அதை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழித்துவிடுங்கள். ஹைட்ரஜன் வந்ததும் தங்கத்தின் உறிஞ்சல் முகடு (தங்கத் துகள்கள் ஒளியை அதிகம் விழுங்கும் அலைநீளம்) நீலப் பக்கம் நகர வேண்டும், ஏனென்றால் துகளில் எலக்ட்ரான்கள் கூடுகின்றன. முகடு நகராமல் ஒளி மட்டும் குறைந்தால் இழையோ ஸ்பிளைஸோ வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நைட்ரஜன் மட்டும் ஓடவிட்டு வெப்பநிலையை 20 டிகிரி ஏற்றி, இறக்கி, முகடு எவ்வளவு நகர்கிறது என்று குறித்து வையுங்கள். ஹைட்ரஜன் தரும் நகர்வு இதைவிடச் சின்னதாக இருந்தால், பக்கத்திலேயே ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) வைக்காமல் அந்த எண்களை யாருக்கும் காட்டாதீர்கள்.