யார் பில்லில் யார் பெயர்? ஜாவா வெப் செயலியில் வேரியபிளுக்கு இடம் பார்ப்பது

மண்டபத்தில் ஒரு கருவாட்டுக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு சனிக்கிழமை கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, பரமக்குடிக்காரருக்குப் போன பில்லுல கீழக்கரைக்காரர் பேரு இருக்கே?" நெத்திலி எடை சரி, தொகை சரி, பெயர் மட்டும் வேறு ஆள். என் மெஷினில் இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அந்தத் தப்பு வரவில்லை.

காரணம் ஒரே வரி. வாங்குபவர் பெயருக்கான வேரியபிளை மெத்தடுக்குள் வைக்காமல், பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் சர்வ்லெட் கிளாஸுக்கு நேர் கீழே அறிவித்திருந்தேன். சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வரான டாம்கேட், ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்டைத்தான் உருவாக்கும். பிரவுசரிலிருந்து வருகிற ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றும் தனித் திரெட்டில், அதாவது தனி வேலை ஓட்டத்தில், ஓடும். நாம் மாற்றாவிட்டால் ஒரே சமயத்தில் 200 திரெட் வரை. அத்தனையும் புழங்குவது அந்த ஒரே ஆப்ஜெக்டில்தான். பரமக்குடிக்காரர் பெயரை எழுதி, பில் தயாராவதற்குள் கீழக்கரைக்காரரின் ரிக்வெஸ்ட் வந்து அதே இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டது. நான் ஒருவனே சோதித்தவரை இது எப்படித் தெரியும்?

இதை நீங்கள் தவிர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: தாளில் எழுதுங்கள்

கோடு எழுதுமுன் செயலியில் வரும் மதிப்புகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விக்குப் பதில் போடுங்கள். இது யாருடையது? எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? கருவாட்டுக் கடைக்கு என் தாள் இப்படி இருந்தது: எடை × விலை, அந்தக் கணக்கு முடியும்வரை. பில்லில் போகும் பெயர், அந்த ஒரு பக்கம் போய்ச் சேரும்வரை. லாகின் செய்தவர் யார் என்பது, அவர் வெளியேறும்வரை. விலைப்பட்டியல், எல்லாருக்கும், எப்போதும்.

படி 2: முடிந்தவரை உள்ளே வையுங்கள்

கணக்குக்கு மட்டும் வேண்டிய மதிப்பை மெத்தடுக்குள்ளேயே அறிவியுங்கள். மெத்தட் முடிந்ததும் அது போய்விடும், வேறு திரெட் தொட முடியாது. பில் பக்கத்தைக் காட்டும் ஜேஎஸ்பிக்குப் பெயர் போக வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில், அதாவது அந்த ஒரு ரிக்வெஸ்ட் முடியும்வரை மதிப்பு இருக்கும் இடத்தில், வைத்து, சர்வருக்குள்ளேயே அந்த ஜேஎஸ்பிக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். ரீடைரக்ட் செய்தால் பிரவுசர் புது ரிக்வெஸ்ட் அனுப்பும், வைத்தது அங்கே இருக்காது. தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பேஜ் ஸ்கோப் அந்த ஒரு ஜேஎஸ்பிக்குள் மட்டும். அதைப் பற்றி இப்போதைக்கு இது போதும்.

படி 3: செஷனில் கொஞ்சமாக

ரிக்வெஸ்ட் மாறினாலும் ஆளை மறக்காமல் இருக்கச் செஷன். ஆனால் கண்டதையெல்லாம் அதில் போடாதீர்கள். டாம்கேட்டில் 30 நிமிடம் ரிக்வெஸ்ட் எதுவும் வராவிட்டால் செஷன் காலாவதியாகும், அதுதான் இயல்பான அமைப்பு. பாம்பன் பக்கம் வியாபாரி ஒருவர் கூடையில் நாலு அயிட்டம் போட்டுவிட்டு, ஏலம் பார்க்கப் போய் ஒரு மணி நேரம் கழித்து வருவார். கூடை காலியாக இருக்கும். அதனால் கூடையை டேட்டாபேஸில் வைத்து, செஷனில் அவர் ஐடியை மட்டும் வைக்கிறேன். திரும்ப லாகின் செய்தால் கூடை அப்படியே இருக்கும்.

இன்னொன்று. ஒரே பிரவுசரில் இரண்டு டேப் திறந்தாலும் செஷனை அடையாளம் காட்டும் குக்கீ ஒன்று, செஷன் ஒன்று. "இப்போது திருத்தும் ஆர்டர்" என்று செஷனில் வைத்தால், ஒரு டேபில் திறந்த திருக்கை ஆர்டரைத் திருத்துவதாக நினைத்து இன்னொரு டேபில் திறந்த பாறை மீன் ஆர்டரைத் திருத்திவிடுவார். ஆர்டர் எண்ணை ஃபார்மோடு அனுப்புங்கள். அந்த ஆர்டர் அவருடையதுதானா என்று சர்வரில் சரிபாருங்கள்.

படி 4: எல்லாருக்கும் பொதுவானது

அப்ளிகேஷன் ஸ்கோப், அதாவது சர்வ்லெட் கான்டெக்ஸ்ட். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தத் தேதிகள் யார் பார்த்தாலும் ஒன்றுதான். செயலி தொடங்கும்போது ஒருமுறை ஏற்றிவிட்டு, பிறகு படிக்க மட்டும் செய்யுங்கள்.

எழுதவும் ஆரம்பித்தால் சிக்கல். டோக்கன் எண்ணை இங்கே வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு திரெட் ஒரே சமயத்தில் 41 என்று படிக்கும், இரண்டும் 42 என்று எழுதும், இரண்டு பேர் கையிலும் ஒரே டோக்கன். படித்துக் கூட்டி எழுதுவதை ஒரே மூச்சில் முடிக்கும் அட்டாமிக் இன்டிஜர் போட்டால் இது தீரும். ஆனால் கரண்ட் போய் சர்வர் திரும்ப எழுந்தால் எண் முதலிலிருந்து தொடங்கும். டோக்கனை டேட்டாபேஸ்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் படிப்பவர்களும் கவனியுங்கள். அங்கே பீன் (ஸ்பிரிங் உருவாக்கி வைக்கும் ஆப்ஜெக்ட்) இயல்பாகவே சிங்கிள்டன், அதாவது ஒன்றே ஒன்று; கன்ட்ரோலர் கிளாஸில் ஆள் பெயரை வைத்தால் என் கதைதான் உங்களுக்கும்.

படி 5: தப்பை வரவழைத்துப் பாருங்கள்

பெயரை எழுதும் வரிக்கும் பில் போடும் வரிக்கும் நடுவே திரெட்டைப் பத்து விநாடி தூங்க வையுங்கள். ஒரு பிரவுசரில் ஒரு பெயரைக் கொடுத்து அனுப்பி, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே வேறு பிரவுசரில் வேறு பெயரைக் கொடுங்கள். வேரியபிள் கிளாஸுக்கு நேர் கீழே இருந்தால் இரண்டு பில்லிலும் இரண்டாவது பெயரே வரும். அதை மெத்தடுக்குள் நகர்த்தி, இதையே திரும்பச் செய்யுங்கள். அவரவர் பெயர் அவரவர் பில்லில் வந்ததும் தூங்க வைத்த வரியை அழித்துவிடுங்கள்.